வாசலில் கார் விட முடியாத வீடு

கணேசலிங்கத்துக்கு ஒரு வீடு பிடிக்க வேண்டுமென்றால், அது முதலில் அவருடைய காருக்குப் பிடிக்க வேண்டும். சமையலறை எப்படி, கூரை ஒழுகுமா என்பதெல்லாம் பிறகு. காரை எங்கே விடுவது, ஒரு விசேஷமென்றால் வருகிற சனம் தங்கள் கார்களை எங்கே விடுவது, இதுதான் அவருடைய முதற் கேள்வி. ஜெர்மனியில் சோஸ்ட் நகரத்தின் பழைய மதிலுக்குள் இருக்கும் வீடுகள் கார் என்ற ஒன்றை ஒருவரும் கனவிலும் காணாத காலத்தில் கட்டியவை. அந்தக் கேள்விக்கு அவற்றிடம் எங்கே பதில் இருக்கப்போகிறது?

அது போதாதென்று ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை வேறு. நகரத்துக்கு வெளியே, வயலை வெட்டிப் புதிதாகப் பிரித்த காணியில் எல்லாருக்கும் முன்னால் வீடு கட்டிக் குடிபோனவர் அவர். அன்றிலிருந்து வட்டாரத்தில் வீடு வாங்க நினைக்கும் தமிழர் எல்லாருக்கும் ஆலோசகர். ஒருவரும் நியமிக்கவில்லை, தானாகவே பதவி ஏற்றுக்கொண்டார். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்க்காமல் கணேசலிங்கம் எந்த வீட்டுக்கும் தலையாட்ட மாட்டார். அண்ணைக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. ஞாயிறு வருவதற்குள் வீடு விற்றுப் போயிருக்கும். இப்படியே மூன்று வீடுகள் கைநழுவிப் போனதில் அவர் மனைவி குமுதினிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்கு மதிலுக்குள்தான் வீடு வேண்டும். அவர்கள் இப்போது வாடகைக்கு இருக்கிற கிராமத்தில் பஸ் நினைத்தால் வரும், சனி ஞாயிறில் நினைப்பதே இல்லை. சாரதிப் பத்திரம் எடுக்க அவளும் முயன்றாள். பரீட்சகர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாலே எது பிரேக், எது கிளச் என்று மறந்து போகும். திரும்பத் திரும்பத் தோற்ற பிறகு கணேசலிங்கம், "விடும், நான் ஏத்தி இறக்கிறன்தானே" என்றார். சொன்னதை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். முடியாது என்று சொல்கிற மனிதரென்றால் சண்டையாவது பிடிக்கலாம்.

அவள் நகரத்தில் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறாள். வேலை முடிந்ததும் கூட வேலை செய்யும் பெண்கள் நான்கு பேராகச் சேர்ந்து கோப்பி குடிக்கப் போவார்கள். அவள் வாசலில் நிற்பாள். மழையில் நிற்பாள், பனியில் நிற்பாள். கார் வரும், ஏறுவாள். தயிர் முடிந்து போனால்கூடச் சனிக்கிழமை வரை இருந்து, அவருடைய வசதி பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் டோர்ட்முண்டுக்கும் மியூனிக்குக்கும் போன பிறகு, வார இறுதி முழுக்க அந்த வீட்டில் ஜன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நாலாவதாக வந்தது பிரிங்மான் அம்மாவின் வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை. முழங்கால் மாடிப்படியோடு ஒத்துப்போக மறுத்ததால் மகளிடம் போகிறார். மரச் சட்டங்களுக்கு நடுவே களிமண்ணும் வைக்கோலும் அடைத்துக் கட்டிய சின்ன வீடு, இரண்டு பேருக்குக் கணக்காக இருக்கும். படத்தைப் பார்த்த ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை, இந்த மண் வீட்டை ஊரில் சீதனமாகக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள் என்றார். பாதுகாக்கப்பட்ட கட்டடமாம், ஜன்னலுக்கு நிறம் மாற்றுவதென்றாலும் நகரசபைக்கு அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம் எழுத வேண்டுமாம். குமுதினிக்கு ஜன்னலின் நிறத்தை மாற்றும் உத்தேசமே இல்லை. மதிய இடைவேளையில் யாருக்கும் சொல்லாமல் அந்த வாசலிலிருந்து நடந்து பார்த்திருந்தாள். பாண்கடை, சந்தை, வைத்தியர், ரயில் நிலையம், அவளுடைய பாலர் பள்ளி, எல்லாம் நடந்து போகிற தூரத்தில்.

பிரிங்மான் அம்மா ஞாயிறு காலை வரச் சொன்னார். அன்றே முடிவு தெரிய வேண்டும் என்றும், மதியம் வேறொரு சோடி வருகிறது என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தரகர் கிடையாது. கை கொடுத்தால் பேச்சு முடிந்தது, பிறகு வீட்டு உறுதி எழுதுகிற நோட்டாரிடம் போய்க் கையெழுத்து.

ஞாயிறு என்பதால் அண்ணையும் காரில் முன்னால் ஏறிக்கொண்டார். குமுதினியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காரை விட்டுவிட்டு வருகிறோம் என்று இருவரும் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

பிரிங்மான் அம்மா சமையலறையைக் காட்டினார், மாடியைக் காட்டினார், கோப்பி ஊற்றினார். கணேசலிங்கம் போனில் வந்தார். எல்லாம் ஒருவழிப் பாதையாம், ஒரே கிறிஸ்தவக் கோயிலைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்களாம், விடுகிற இடமெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டுமாம்.

"நீர் ஒண்டும் சொல்லிப்போடாதையும். நாங்கள் வந்து பாத்துத்தான் முடிவு" என்றார்.

கோப்பி ஆறிப்போனது. ஜன்னலுக்கு வெளியே ஒரு இளம் சோடி வந்து நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தது. நேரத்தோடே வந்துவிட்டார்கள். நடந்துதான் வந்திருக்க வேண்டும், முகத்தில் ஒரு களைப்பும் இல்லை. பிரிங்மான் அம்மா அவர்களைப் பார்த்துவிட்டுக் குமுதினியைப் பார்த்தார். என்ன முடிவு என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

கணவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்ற ஜெர்மன் வசனம் மட்டும் குமுதினியின் வாயில் ஒரு பிழையும் இல்லாமல் வரும். அவ்வளவு தரம் சொல்லியிருக்கிறாள். இப்போதும் அது தானாகவே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"இஞ்சை கார் விட ஏலாது, குமுதினி. அண்ணைக்கும் இருந்து இருந்து இடுப்பு உளையுதாம். நீர் வெளியில வந்து நில்லும், ஏத்திக்கொண்டு போறன். வேற வீடு பாப்பம்."

அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. வந்து நில்லும். இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து அவள் வேறென்ன செய்திருக்கிறாள்? போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். எழும்பிக் கையை நீட்டி, வீட்டை நாங்கள் எடுக்கிறோம் என்றாள். இலக்கணம் எங்கேயோ உதைத்தது. பிரிங்மான் அம்மா இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, நோட்டாரைப் பார்க்க வியாழக்கிழமைக்குத் தெர்மின், நேரம் எடுப்பதாகச் சொன்னார்.

அவள் வெளியே வந்தபோது கார் சந்துக்குள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் நிற்கவில்லை. நடக்கத் தொடங்கினாள். கார் அவளுடைய நடைக்குப் பக்கத்தில் மெல்ல உருண்டது. அவளுடைய பக்கத்தில் இருந்தவர் அண்ணை. ஆகவே நடந்த சண்டை முழுவதும் அவர் மடிக்கு மேலால்தான் போய் வந்தது.

"ஏறுமன்."

"வீட்டை எடுக்கிறம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

தங்கச்சி, அவசரப்படக் கூடாது என்று அண்ணை தொடங்கினார். அண்ணை, நான் உங்களோட கதைக்கேல்லை என்றாள் குமுதினி, மரியாதை ஒரு துளியும் குறையாமல். அண்ணை இருக்கைப் பட்டியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். பின்னால் ஒரு வான் வந்து ஹோர்ன் அடித்தது.

கணேசலிங்கம் செய்ததை அவரை அறிந்த எவரும் நம்ப மாட்டார்கள். கதவைத் திறந்து இறங்கினார். பெற்ற மகனுக்கே சாவி கொடுக்காத மனிதர், அண்ணை, நீங்கள் ஓட்டுங்கோ என்று விட்டுவிட்டு வந்தார். அண்ணை இடுப்பைப் பிடித்தபடி மறுபக்கம் ஏறிக் காரை எடுக்கும் வரை வான்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"நான் என்ன குறை விட்டனான்?" கணேசலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. "ஒருநாளெண்டாலும் வரமாட்டன் எண்டு சொன்னனானோ? இரவு வேலை முடிச்சு வந்து, கண்ணை மூடாமல் உம்மைக் கொண்டுபோய் இறக்கேல்லையோ?"

"இறக்கினீங்கள். ஆனா நான் ஒரு இடத்துக்கும் போகேல்லை. நீங்கள் கொண்டுபோன இடத்துக்குத்தான் போனனான். தயிர் முடிஞ்சா நானே எழும்பிப் போய் வாங்க வேணும். ஒருத்தருக்கும் போன் அடிக்காமல். இந்த வீட்டை விட்டா இனி எனக்கு அதுக்கு வயசு இராது."

சொல்லிவிட்டு அவள் நடையை வேகமாக்கினாள்.

அவர் பின்னாலேயே வந்தார். சந்து முடிந்து சந்தைச் சதுக்கம் வந்தது. ஞாயிறு என்பதால் கோப்பிக்கடை தவிர மற்றக் கடைகள் பூட்டியிருந்தன. ஆட்கள் சும்மா நடந்து திரிந்தார்கள். கணேசலிங்கம் இந்த இடத்தைக் காருக்குள்ளிருந்துதான் பார்த்திருக்கிறார். கல் பாவிய தரையில் அவருடைய சப்பாத்து தடுக்கியது.

"நோட்டாரிட்டை எப்ப வரட்டாம்?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை."

"ம். நான் இரவு வேலை. காலமை வரலாம்."

அவ்வளவுதான், வீடு கிடைத்துவிட்டது. குமுதினி நிம்மதியாக ஒரு மூச்சு விடப் போனாள். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"நீர் எல்லா இடமும் நடந்து போவீர்" என்றார், அவளைப் பார்க்காமல். "அப்ப நான் என்னத்துக்கு?"

பார்க்கிங்குக்கும் மண் சுவருக்கும் ஜன்னல் நிறத்துக்கும் அவள் மறுமொழி தயார் செய்து வைத்திருந்தாள், வாரக்கணக்காக, பாலர் பள்ளியில் உருளைக்கிழங்கு உரித்தபடி. இதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இந்த மனிதர் இத்தனை நாளும் பயந்தது இதற்குத்தான் என்று ஒருநாள் வாய் திறந்து சொல்லியிருந்தால் மூன்று வீடு போயிருக்காதே என்று அவளுக்குக் கோபம் பொங்கியது. தான் ஒருநாளும் கேட்கவில்லை என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது.

"கோப்பி குடிக்க ஆள் வேணும் எனக்கு" என்றாள் கடுகடுப்பாக. "வாங்கோ."