வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம்னு சொன்னதே நான்தான். நெருப்புப் பிடிச்ச அன்னிக்கு எங்க ஊர்த் தையல் ஃபேக்டரியில தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்துச்சு. வேலை முடியாம ஒருத்தியும் போகக் கூடாதுன்னு சூப்பர்வைசர் அதைப் போட்டு வச்சிருந்தான். உள்ளே இருந்த பொம்பளைங்க யாரும் வெளியே வரலை. அந்த அறையைப் பொம்மைங்க வச்சு அப்படியே காட்டப் போற எங்க மியூசியத்துலயும் தாழ்ப்பாள் அப்படித்தான் இருக்கணும்னு மீட்டிங்கில பெரிய இவளாட்டம் பேசினேன். டைரக்டர் மேடமும் தலையாட்டுனாங்க. ஆசாரி அண்ணன் மட்டும், "உள்ளே யாராச்சும் மாட்டிக்கிட்டா?"ன்னு கேட்டாரு.

"பொம்மை எங்கண்ணே வெளியே வரப் போகுது?"ன்னு சிரிச்சேன். என் வாய் இருக்கே!

குரலும் என்னுதுதான். நடிக்கிறவங்களைத் தேடிப் பிடிக்க நேரமில்லைன்னு, "கதவைத் திறங்க, யாராச்சும் திறங்க"ன்னு நானே மைக் முன்னாடி கத்தினேன். கூடவே பலகையில தட்டுற சத்தம். கதவு முன்னாடி ஆள் வந்து நின்னா சென்சார் வேலை செய்யும், உள்ளே புகை வரும், சத்தம் வரும். கதவுல இருக்கிற சின்னக் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா, தையல் மிஷின் முன்னாடி பொம்மைங்க நிழலாத் தெரியும். அந்த அறையைச் செஞ்சு முடிக்கிறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிருச்சு.

திறப்பு விழா அன்னிக்குக் காலையிலேயே டிபன் பாக்ஸ் தாத்தா வந்துட்டாரு. அந்தப் பேரு நாங்க வச்சது. சின்னப் பையனா இருக்கும்போது அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு அந்த ஃபேக்டரிக்குப் போய், கதவுக்கு வெளியே நின்னு அக்கா கத்தினதைக் கேட்டவரு. டப்பாவை என் கையில கொடுத்து, "அக்கா மிஷின் மேல வச்சிரும்மா, அன்னிக்குக் கொடுக்க முடியலை"ன்னாரு. சரின்னு வாங்கிக்கிட்டேன்.

ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு ஹேண்ட்பேக்கையும் போனையும் வெளியே மேஜை மேலயே வச்சுட்டு உள்ளே போனேன். வீசிங் வந்தா அடிச்சுக்கிற பம்பு அந்த ஹேண்ட்பேக்குக்குள்ளதான். குனிஞ்சு டப்பாவுக்குப் பசை போட்டுட்டிருக்கேன், கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு, டக்குன்னு தாழ்ப்பாள் விழுந்துச்சு. விருந்தாளிங்க வர்ற நேரத்துல கதவு திறந்து கிடக்கேன்னு ஆசாரி அண்ணன் பொறுப்பா மூடிட்டுப் போயிட்டாரு.

"அண்ணே! நான் உள்ளே இருக்கேன்!"

அதுக்குள்ள கூட்டம் வந்து கதவு முன்னாடி நின்னுருச்சு. புகை குபுகுபுன்னு வர, ஸ்பீக்கர்ல என் குரலே என்னை அமுக்கிருச்சு. நான் தட்டுறேன், அதுவும் தட்டுது. நான் கத்துறேன், அது என்னைவிட நல்லாக் கத்துது.

"அடேங்கப்பா, எவ்வளவு தத்ரூபம்!"னு ஒருத்தர் சொன்னது கேட்டுச்சு. கண்ணாடிகிட்டப் போய் ரெண்டு கையையும் ஆட்டினேன். "அங்க பாருங்க, ஒரு பொம்மை அசையுது!"ன்னு ஒரு அம்மா. மேடம் கொஞ்சம் தயங்கிட்டு, "எல்லாம் எங்க டீம் பண்ணினதுதான்"னாங்க. அட பாவிங்களா, கண்ணு முன்னாடி சாகுறேன், கை தட்டுறீங்களே!

நெஞ்சு இறுகிப் போச்சு. வீசிங் வர்றது எனக்குத் தெரியும், பம்பு இல்லாம அது நிக்காதுன்னும் தெரியும். குரல் போயிருச்சு. உள்ளங்கையால கதவைத் தட்டினேன். வெளியே யாரோ விசும்பி, "கேக்கவே முடியலைப்பா, வாங்க போலாம்"னு நகர்ந்தாங்க. பயத்துல எனக்கு அழுகை வந்துச்சு. இந்தக் கதவை நானே கேட்டு வாங்கிக்கிட்டேனே!

அப்பத்தான் தாத்தா குரல் பக்கத்துல கேட்டுச்சு. "யாரோ தட்டுறாங்க."

"ரெக்கார்டிங் ஐயா அது. தொடாதீங்க, ப்ளீஸ்"ன்னாங்க மேடம்.

"அன்னிக்கும் அந்தச் சூப்பர்வைசர் தொடாதேன்னுதான் சொன்னான். நானும் தொடலை."

தாழ்ப்பாள் விலகுற சத்தம். கதவோட சேர்ந்து நானும் வெளியே விழுந்தேன்.

ஆசாரி அண்ணன் ஹேண்ட்பேக்கைத் தூக்கிட்டு ஓடி வந்தாரு. பம்பை வாயில வச்சு இழுத்தேன், மூச்சு பாதிதான் இறங்குச்சு. மேடம் "ஐயோ, ஐயோ"ன்னு என் முதுகைத் தடவுறாங்க, மொத்தக் கூட்டமும் என்னைச் சுத்தி. தாத்தாவை யாரும் பார்க்கலை. கதவை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு அவரு புகைக்குள்ளயே பார்த்துட்டு நின்னாரு.

"வாக்கா. திறந்துட்டேன்."

உள்ளே இன்னும் என் குரல் ஓடிட்டிருந்துச்சு. கதவைத் திறங்க, யாராச்சும் திறங்க.

"திறந்துதான் இருக்குக்கா. நான்தான். வெளியே வா."

யாராச்சும் திறங்க.

அந்த ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குப் பேச்சு வரலை.