கண்ணாடி மூடியின் உள்பக்கம்

பிளஸ் டூ தொழிற்பிரிவில் மின்சாரப் பாடம் எடுத்திருந்த பெண்களை ஜெயசீலி மிஸ் ஆளுக்கொரு இடமாகப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். படித்ததைக் கையால் செய்து பார்த்தால்தான் நாளைக்கு வேலை என்று ஒன்று கிடைக்கும் என்பது அவருடைய கட்சி. ரேஷ்மாவுக்குக் கிடைத்தது குரோம்பேட்டையில் முனிரத்தினத்தின் ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. தாம்பரத்திலிருந்து ரயிலில் ஒரு எட்டு. நல்ல இடம்தான் என்று சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தாள்.

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், தார்ப்பாய் போர்த்தி நீளநீளமாகச் சில பெட்டிகள் கிடந்தன.

"இது என்ன அண்ணா, ஐஸ்கிரீம் பெட்டியா?" என்று வேன் ஓட்டும் ஆல்வினிடம் கேட்டாள்.

ஆல்வின் சிரிக்கவில்லை. "இல்லமா. பாடி வெக்கிற பெட்டி. சாவு வூட்டுக்கு வாடகைக்கு வுடுறோம்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு முனிரத்தினம் வந்தார். "பயமா இருந்தா சொல்லிடு. உங்க மிஸ்ஸாண்ட பேசி வேற கடை பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு. ஃபிரிட்ஜுல இன்னா கீதோ அதான் இதுலயும் கீது. கம்ப்ரஸர், ரிலே, ஃபேன். உள்ள இன்னா வெக்கிறாங்கன்றது நம்ம வேலை இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை ரேஷ்மாவுக்குத் தெம்பாக இருந்தது. வேறு கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் ஃபிரிட்ஜ் பற்றி மட்டும் சொன்னாளே தவிர, பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அம்மா மறுநாளே நிறுத்தியிருப்பாள்.

சில வாரங்களில் கை பழகிவிட்டது. சாவு வீடுகளுக்கும் போய் வந்தாள். வயரைப் பார்ப்பாள், ஃபேனைப் பார்ப்பாள், கண்ணாடி மூடிக்குக் கீழே இருக்கும் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள்.

அன்றைக்கு முனிரத்தினம் மறைமலை நகரில் ஒரு கேன்டீன் வேலைக்காகப் போயிருந்தார். நடுப்பகலில் அங்கிருந்து ஃபோன் செய்தார்.

"ரேஷ்மா, காலையில முடிச்சூர்ல எறக்குன பெட்டி கூலிங் ஆவலையாம். ஆல்வினை இட்டுகினு போய் வோல்டேஜ் பாரு. பெட்டியில கை வெக்காத. கோளாறு வெளியதான் இருக்கும்."

முடிச்சூரில் அது ஒரு பழைய மாடி வீடு. ஷாமியானா பாதி கட்டிய நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் பிரிக்கப்படாமல் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. சொந்தக்காரர்கள் எல்லாரும் தெற்கே நாசரேத்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கல்லறைத் தோட்டத்தில் குழி ஏற்பாட்டுக்குப் போயிருந்தார். வாசலில் அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர். அழுகைச் சத்தம் இல்லை. வெயிலில் வீடு அப்படியே உறைந்து கிடந்தது.

கூடத்தில் பெட்டி. தலைமாட்டை ஒட்டி ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரரின் மனைவி அமலராணி. செத்துப்போனவர் ஞானையா, அவளுடைய கணவரின் அண்ணன், கல்யாணம் ஆகாதவர். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாக இந்த வீட்டிலேயே படுக்கை. விடியற்காலையில் மூச்சு நின்றிருந்தது. தெரிந்த டாக்டர் சாயங்காலம் வந்து சர்டிபிகேட் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ரேஷ்மா மீட்டரை வைத்துப் பார்த்தாள். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயரில் பெட்டியைச் சொருகியிருந்தார்கள். பாதிக் கரண்ட் வழியிலேயே போய்விட்டது. கம்ப்ரஸர் உறுமுவதும் அடங்குவதுமாக இருந்தது. பாடத்தில் படித்ததுதான், கணக்குப் போட்டுப் பார்த்ததுதான். ஆனால் இங்கே அது கையில் சூடாகத் தெரிந்தது. சமையலறைக்குப் பின்னால் தண்ணி மோட்டாருக்கென்று தனி பாயின்ட் இருந்தது. வேனிலிருந்து கனமான வயரை எடுத்து வந்து அதில் இழுத்துக் கொடுத்தாள்.

கம்ப்ரஸர் ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. பெட்டியின் ஓரத்தில் எண்கள் மளமளவென்று இறங்கின. முனிரத்தினம் பக்கத்தில் இல்லாமல் அவளாகவே செய்த முதல் வேலை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆல்வின் வெளியே ஃபோன் பேசப் போய்விட்டான்.

பெட்டியின் குளிர் ஒரு நிலைக்கு வரும் வரை கூட இருந்து பார்க்க வேண்டும் என்பது கடைச் சட்டம். ரேஷ்மா சுவரோரம் உட்கார்ந்தாள். அப்போதுதான் கண்ணாடியில் அந்தப் பூச்சு தெரிந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு மங்கல். சென்னைக் காற்றின் ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் வேர்க்கிறது என்று நினைத்து, துப்பட்டா முனையால் துடைத்தாள். போகவில்லை. மங்கல் உள்பக்கம் இருந்தது.

அது மெல்லச் சுருங்கியது. பொட்டளவுக்கு வந்தது. மறுபடி விரிந்தது.

அவள் இதுவரை பார்க்காமல் தவிர்த்ததைப் பார்த்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய துணி நெகிழ்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. மங்கல் சரியாக அந்த வாய்க்கு மேலே. சுருங்கியது, விரிந்தது. அதோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தாள்.

ஃபோனை எடுத்து முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள். "சார், மூடிக்கு உள்ளே பனி பிடிக்குது."

"ரப்பர் பிஞ்சிருக்கும்மா. வெளிக்காத்து உள்ள போவுது. டேப் ஒட்டிட்டு வா" என்று அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மூடியைச் சுற்றியிருந்த ரப்பரை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். எங்கும் பிசகில்லை. ரப்பரில் ஓட்டை என்றால் ஓரத்தில் அல்லவா பனி பிடிக்கும்? இது நட்டநடுவில் இருக்கிறது.

நிமிர்ந்தாள். அமலராணி கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரேஷ்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுதா?" என்றாள்.

ரேஷ்மா தலையை அசைத்தாள்.

"பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணப்பவே தொண்டைக்குழி அசைஞ்சுது. கண்ணு மயங்குதுன்னு நெனச்சேன். அப்புறம் திரும்பவும் அசைஞ்சுது." அமலராணி குரலை உயர்த்தவே இல்லை. "பெட்டி கூலிங் ஆகலைன்னு உங்க கடைக்கு ஃபோன் பண்ணச் சொன்னது நான்தான்."

"ஆன்ட்டி, அவர்... ஆம்புலன்ஸ்..."

"மூணு வருஷம்மா. ராத்திரி பகல் தெரியாம. மலம் மூத்திரம் எல்லாம் இந்தக் கைதான். நான் ஒரு நாள் முழுசாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "நல்ல பொண்ணு. வந்த வேலையை அழகா முடிச்சிட்டே. கிளம்பு பாப்பா. டீ குடிச்சிட்டுப் போறியா?"

விருந்துக்கு வந்தவளை வழியனுப்புவதுபோல் அவள் அதைச் சொன்ன விதம்தான் ரேஷ்மாவை உலுக்கியது. கால்கள் தாமாகவே நடந்தன. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். வெயில் முகத்தில் அறைந்தது.

"முடிஞ்சுதா?" என்றான் ஆல்வின்.

"முடிஞ்சுது அண்ணா."

வேனில் ஒரு காலை வைத்தாள். உள்ளேயிருந்து கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டது. தடங்கல் இல்லாத, சுத்தமான சத்தம். அவள் கொடுத்த கரண்ட். அவள் வராமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டி இன்னும் விக்கிக்கொண்டே இருந்திருக்கும், குளிர் ஏறியிருக்காது.

செருப்போடு திரும்பி ஓடினாள். சமையலறை வழியாகப் போய் பிளக்கைப் பிடுங்கினாள். வீடு சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்டது: "ஆல்வின் அண்ணா! ஓடி வாங்க! உயிர் இருக்கு!"

ஆல்வினும் வாசலில் இருந்தவர்களும் ஓடி வந்து மூடியைத் தூக்கினார்கள். குளிர் குப்பென்று வெளியே வந்தது. ஞானையாவின் முகம் மெழுகு போல இருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ரேஷ்மாவுக்கு உள்ளங்கால் கூசியது. அப்போது அந்தத் திறந்த வாயிலிருந்து, தூரத்தில் யாரோ நாற்காலியை இழுப்பதுபோல, நீளமாக ஒரு சத்தம் வந்தது. வாசல்காரர்களில் ஒருவர் "ஏசப்பா!" என்று அலறிப் பின்னால் போய் விழுந்தார்.

ஆல்வின் 108-க்கு அடித்தான். அமலராணி சிறிது நேரம் நாற்காலியிலேயே இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கம்பளி எடுத்து வந்தாள். அவரைப் போர்த்தி, கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பரபரவென்று தேய்க்கத் தொடங்கினாள். வருஷக்கணக்காகச் செய்து பழகிய கை அது. பார்ப்பவர்களுக்குக் கண்ணில் நீர் வந்தது. ரேஷ்மாவுக்கு மட்டும் வரவில்லை.

மறுநாள் பெட்டி கடைக்குத் திரும்பியது. கழுவும் முறை அவளுடையது. மூடியின் உள்பக்கத்தில் விரல் தடம் ஒன்று இருந்தது. ஆல்வின் தூக்கியபோது பட்டதாக இருக்கலாம். அவனிடம் கேட்கப் பிடிக்காமல் துடைத்துவிட்டாள்.

விஷயம் பள்ளிக்கூடம் வரை போயிற்று. இப்படிப்பட்ட இடத்துக்கா பிள்ளையை அனுப்புவது என்று அம்மா வந்து சத்தம் போட்டாள். ஜெயசீலி மிஸ் வேறு கடை பார்த்துத் தருவதாகச் சொன்னார். ரேஷ்மா மறுத்துவிட்டாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. மிஸ் அவளை ஒரு நாள் மாலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ஞானையா தலையணையில் சாய்ந்திருந்தார். அமலராணி கஞ்சியை ஸ்பூனில் எடுத்து, ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஸ் அதைப் பார்த்து, "உங்களை மாதிரி யாரும் பார்த்துக்க மாட்டாங்க" என்று மனசாரச் சொன்னார். அமலராணி டம்ளர் கழுவப் போனாள். மிஸ் நர்ஸிடம் பேசப் போனார்.

ஞானையா நல்ல கையின் விரலை லேசாக ஆட்டினார். ரேஷ்மா குனிந்தாள்.

"கேட்டுச்சு" என்றார். வார்த்தைகள் குழறி வந்தன. "அவ சொன்னது. எல்லாம்."

ரேஷ்மா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. அவ கூடத்தானே வூட்டுக்குப் போகணும்."

அமலராணி திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள். "என்ன சொல்றாரு?"

"குளிருதாம் ஆன்ட்டி."

அமலராணி போர்வையை அவருடைய கழுத்து வரை இழுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிச் செருகினாள். அவர் கண்கள் மட்டும் வெளியே இருந்தன. ரேஷ்மா அறையை விட்டு வெளியேறும் வரை அவை அவள் மேலேயே இருந்தன.

ரயிலில் மிஸ் கேட்டார்: "உன்கிட்ட ஏதோ சொன்னாரே?"

"நன்றி சொன்னாரு மிஸ்" என்றாள்.

ஞானையாவை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்துப் போனதைப் பார்த்ததாக ஆல்வின் பிறகொரு நாள் சொன்னான். அந்தம்மா குழந்தையைப் பிடிப்பதுபோல அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாளாம்.

ரேஷ்மா பயிற்சியைத் தொடர்கிறாள். கடையில் ஃபோன் அடித்தால் இப்போதெல்லாம் அவள்தான் முதலில் ஓடிப்போய் எடுக்கிறாள். எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்பதற்கு முன்னால் இறந்தவரின் பெயரைக் கேட்கிறாள். முனிரத்தினத்துக்கு அது வினோதமாக இருக்கிறது, ஆனால் தடுப்பதில்லை. முடிச்சூரிலிருந்து இரண்டொரு தடவை கூப்பிட்டார்கள். வேறு வீடுகள், வேறு பெயர்கள்.