அடைப்பான்

அகல்யாவின் மேசையில் பாரிஸ் பயண உத்தரவைப் பார்த்ததிலிருந்தே ருக்மிணிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மாட்டு நோய், கோழி நோய் என்று நாடு முழுவதிலிருந்தும் தில்லிக்கு வரும் அறிக்கைகளை இருபத்தாறு வருடமாகத் தொகுப்பவள் அவள். நோய்த்தடுப்பு மாநாட்டுக்குப் போகப்போவதோ சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத அகல்யா. தில்லியிலேயே, துவாரகாவில் பிறந்து வளர்ந்த பெண். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நல்ல இங்கிலீஷ், சிரித்த முகம், வேறென்ன வேண்டும்?

அன்று பத்தரை மணிக்கு அகல்யா ஒரு தாளோடு ருக்மிணி பக்கம் திரும்பினாள். தமிழ்நாட்டு மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து கால்நடை ஆய்வாளர் பரமசிவம் கையால் எழுதி அன்று காலை மின்னஞ்சலில் அனுப்ப, இங்கே அச்சிட்டது. இரண்டு மாடுகள் திடீர்ச் சாவு, அடைப்பான் என்று சந்தேகம்.

“ஆன்ட்டி, அடைப்பான்னா ப்ளாக்கேஜ்தானே? வயிறு உப்பிச் சாகுமே, அதுவா?”

அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ். மனிதருக்கும் தொற்றும். செத்த மாட்டின்மேல் கத்தி படக்கூடாது. ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். ருக்மிணிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

“ம்” என்றாள்.

“அச்சா. தேங்க்யூ ஆன்ட்டி.”

வயிற்று உப்புசம் தொற்றுநோய் இல்லை என்பதால் தாள் நடவடிக்கை தேவையில்லாத கோப்புக்குள் போனது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் கேட்பார், இவள் திருதிருவென்று விழிப்பாள், பாரிஸ் பறிபோகும். ருக்மிணி இதை மூன்று முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் இனித்தது. மதியம் அகல்யா எழுந்து போனதும், அவள் எப்படித் தப்பாகக் குறித்திருக்கிறாள் என்று ரசிக்கத்தான் கோப்பைப் பிரித்தாள். தாளின் பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது. ஊரார் கறிக்குக் கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும், அவசரம்.

ருக்மிணி தாளை எடுத்துக்கொண்டு அகல்யாவைத் தேடி ஓடினாள். விஷயம் கேட்டு அகல்யாவின் முகம் வெளுத்தது. அடுத்த நிமிடமே இயக்குநர் அறையில் நின்று, ஆன்ட்டி காலையில் வேலை மும்முரத்தில் என் கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள், தமிழ் புரியாமல் நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று இந்தியில் அவரிடம் சொன்னாள். பொய்யல்ல, அப்படித்தான் நம்பினாள். இந்த நல்ல மனசும் இவளுக்கேதானா என்று பின்னால் நின்ற ருக்மிணிக்குப் பொருமியது. அந்த நேரத்திலும் பொருமியது, அதுதான் வெட்கக்கேடு.

தடுப்பூசிக்கு இயக்குநர் ஆள் பிடிக்க, ருக்மிணி பரமசிவத்தை அழைத்தாள். மாட்டைத் தொட வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பேசினார்.

“ஒரு மணி வரைக்கும் மறிச்சுக்கிட்டு நின்னேம்மா. ஒரு பதிலும் வரல. கூறு போட்டுட்டாங்க.”

சுவர்க்கடிகாரத்தில் இரண்டே கால்.

“எந்தெந்த வீட்டுக்குப் போச்சுங்க?”

அவர் ஒவ்வொரு பேராகச் சொல்லத் தொடங்கினார். ருக்மிணி எழுதினாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அகல்யா பக்கத்தில் குனிந்து, தான் எழுத்துக்கூட்டித்தான் படிக்கக்கூடிய அந்தப் பெயர்கள் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.