சுவருக்குள் மூன்று ஓம்

ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் அவர். பிறர் வீட்டில் வயர் நடுவே ஒரு ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டால் போதும், பிடுங்கி எறிந்துவிட்டு முழு வயராக இழுப்பார். சொந்த வீடு என்று வந்தபோது மட்டும் வேலை பார்த்த இடங்களில் மிஞ்சிய துண்டுகளை முறுக்கி, டேப் சுற்றி, சுவருக்குள் விட்டுப் பூசிவிட்டார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நம் வீடுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்தப் பிறகு இருபத்திரண்டு வருடமாகியும் வரவில்லை.

மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆக்சிஜன் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்று சொல்லித்தான் டாக்டர் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார். உள்ளறையில் அவள் குளிரில் நடுங்கினாள். ஹீட்டர் போட்டார். அது சூடேறியதும் தானாக அணையும், ஆறியதும் தானாக எரியும். மெஷினோ அடிக்கடி கீச்சென்று கத்திவிட்டு நின்றது.

நாலு நாள் இதே கூத்து. மெஷின் வாடகைக்கு விட்டவரைப் போனில் கிழி கிழியென்று கிழித்தார். மாற்று மெஷின் வந்தது, அதுவும் நின்றது. கரண்ட் ஆபீஸுக்கும் திட்டு விழுந்தது.

"மாமா, இந்த ரூம்ல வோல்ட்டேஜ் பாத்தீங்களா?" என்றாள், துணைக்கு வந்திருந்த மனைவியின் தங்கை.

"இது நான் போட்ட லைன்மா," என்று அவள் வாயை அடைத்தார்.

ஐந்தாம் நாள்தான், வேறு வழியில்லாமல், வோல்ட்டேஜ் பார்க்கும் மீட்டரை எடுத்தார். ஹீட்டர் எரியும்போது வாசல் போர்டில் 214 வோல்ட். உள்ளறையில் 187. வயரில் ஓடியது ஒன்பது ஆம்பியர். இடையில் காணாமல் போன இருபத்தேழை ஒன்பதால் வகுத்தால் மூன்று ஓம் தடை. நல்ல வயருக்கு அரை ஓம்கூட வராது. இருபத்தேழை ஒன்பதால் பெருக்கினார். 243 வாட் சுவருக்குள்ளேயே, அவர் முறுக்கிவிட்ட ஜாயின்ட்களில், வெந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கை வைத்தார், வெதுவெதுப்பாக இருந்தது. 195க்குக் கீழே போனால் நின்றுவிடும் என்று மெஷினின் முதுகிலேயே எழுதியிருந்தது. ஹீட்டரின் சுவிட்சை அணைத்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டார். அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"யாராவது கேட்டா... மெஷின் சரியில்லன்னு சொல்லிடுங்க."

அன்றே வாசலில் இருந்து ஒரே வயராக இழுத்தார். ஹீட்டரும் மெஷினும் சேர்ந்து ஓடியும் அறையில் 211 வோல்ட் நின்றது. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். ஆக்சிஜன் விட்டுவிட்டு வந்த அந்த நாலு நாளில் இதயம் பலவீனமாகிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

மெஷினைத் திரும்ப எடுக்க வந்தவரை மனைவியின் தங்கை பிடித்துக்கொண்டாள். "ஓட்டை மெஷினக் குடுத்து எங்க அக்காவக் கொன்னுட்டீங்களே." அந்த மனிதர் குனிந்து மெஷினின் டியூபைச் சுற்றி வைத்தார். பதில் சொன்னால் துக்க வீட்டில் சண்டையாகிவிடும் என்று பயந்தார் போல.

"அவர விடும்மா. மெஷின்ல ஒண்ணுமில்ல. சுவத்துக்குள்ள என் வயருதான்."

அவள் திரும்பி, புதிதாக ஓடிய வயரைப் பார்த்தாள்.

"இத மாத்த எவ்ளோ நேரமாச்சு மாமா?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மணி நேரம்."