வலது கால் இல்லாத ஊர்

அந்த ஊரில் ஒரே ஒரு சிறுமியைத் தவிர எல்லோருக்கும் இரண்டுமே இடது கால்கள். செருப்புக் கம்பெனியில் மாதச் சம்பளத்தை எடுத்துவிட்டு, போடும் ஒவ்வொரு செருப்புக்கும் கூலி என்று மாற்றிய வருடம் ஆரம்பித்தது இது. வலது செருப்பு வார்க்கும் மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும். மாதச் சம்பளக் காலத்தில் மெக்கானிக் வரும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இப்போது காத்திருந்தால் வயிறு காயும் என்று ஆளாளுக்கு இடது மெஷினில் போய் விழுந்தார்கள். உற்பத்தி இரண்டு மடங்கானது. மேனேஜருக்கும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் போனஸ் என்பதால், எந்தக் கால் என்று அவர் கேட்கவில்லை. முதலாளி இரண்டு இடதுகளை ஒரு ஜோடியாகக் கட்டிப் பாதி விலைக்குத் தள்ளினார். மலிவு என்றதும் ஊரே முண்டியடித்து வாங்கியது. கொஞ்ச நாளில் வலது கால்கள் செருப்புக்கு ஏற்றபடி திரும்பிக்கொண்டன, வலிக்கக்கூட இல்லை. ஊரை விட்டுக் கிளம்பினால் மட்டும் வட்டமாக வளைந்து கம்பெனி வாசலில் கொண்டுவந்து விட்டன, அவ்வளவுதான். ஆள் ஓடிப்போகும் தொல்லை ஒழிந்தது என்று மேனேஜர் பல்லை இளித்தார். லாபம் ஏறிக்கொண்டே போனது.

பசை தடவும் பிரிவில் இருந்தவளுக்கு இதெல்லாம் குமட்டியது. குமட்டக் குமட்ட அவளும் இடதுக்கேதான் பசை தடவினாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மகளின் வலது காலை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். மகளுடைய பழைய வலது செருப்பையே குதிகால் பக்கம் அறுத்து, ரப்பர் ஒட்டி ஒட்டி நீட்டினாள். அது இற்றுப்போன அன்று மெஷின்காரனிடம் போய் நின்றாள்.

"ஒரே ஒரு வலது போட்டுக் குடு தம்பி. என் பொண்ணுக்கு."

"அந்த நேரத்துல நாலு இடது போட்டுடுவேன்க்கா. அந்தக் கூலிய நீங்க தருவீங்களா?"

அவள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன்தான் அவன். சீ என்று இருந்தது அவளுக்கு, அவன்மேலும், பசை காய்ந்த தன் விரல்கள்மேலும்.

மறுநாள் விடிந்ததும் மகளை வெறுங்காலோடு ஊர் எல்லைக்கு அழைத்துப் போனாள். பக்கத்து ஊரில் சித்தி வீடு இருந்தது. எல்லையைத் தாண்டியதுமே தாயின் கால்கள் வளையத் தொடங்கின. மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நேரா வாம்மா."

"என்னால முடியாது. நீ திரும்பிப் பாக்காம போ. சித்தி கேட்டா, அம்மாவுக்கு வேலை இருக்குன்னு சொல்லு."

கையை விட்டாள். மகள் சாலையோடு நேராக நடந்து போனாள். கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் தாயை அவள் கால்கள் வாசலில் சேர்த்துவிட்டன. நேரத்துக்கு வந்ததற்காக அன்று அவளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, பசை டப்பாவைத் திறந்தாள்.