பத்தாவது குட்டி

கணவன் இறந்தபோது ஞானமணியிடம் மிஞ்சியது ஐந்து வெள்ளாடும் ஒரு பெண் குழந்தையும்தான். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கரட்டில் ஆடு மேய்த்தே மகள் சோபியாவை நர்சிங் படிக்க வைத்தாள். விராலிமலை ரோட்டில் தகரக் கூரை போட்ட ஜெபவீட்டுக்கு ஞாயிறு தவறாமல் போவாள். பட்டியில் பிறக்கிற ஒவ்வொரு பத்தாவது குட்டியும் கர்த்தருக்கு என்று பாஸ்டர் ஆனந்தராஜ் சொல்லியிருந்தார். அவளும் அதை வளர்த்து, சந்தையில் விற்று, வந்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுப்பதில் அவளுக்குச் சந்தோஷமே இருந்தது.

போன வருஷம் மழைக்குப் பிறகு ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. ஊசி போட்டிருந்ததால் ஞானமணியின் ஆடுகள் தப்பின. பக்கத்துக் கொல்லை முத்துமாரியம்மாளின் பட்டி ஒரே வாரத்தில் காலியானது. இருவரும் சேர்ந்துதான் குழி வெட்டிப் புதைத்தார்கள். முத்துமாரியம்மாள் அழவில்லை. ஆடே இல்லாத பட்டியைத் தினமும் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல், கர்த்தருக்கென்று வளர்த்த பெட்டைக் குட்டியைக் கயிற்றோடு கொண்டுபோய் அவள் பட்டியில் கட்டிவிட்டு வந்தாள் ஞானமணி.

விஷயம் பாஸ்டர் காதுக்குப் போனது. அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க அதுதான். காணிக்கை அவரவர் விருப்பம், ஆனால் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் சட்டம், அதைக் கொடுக்காதவன் தேவனிடமே திருடுகிறவன் என்றார். பேர் சொல்லவில்லை. ஆனாலும் சபையே ஞானமணியைத் திரும்பிப் பார்த்தது.

ஆராதனை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார். கர்த்தருடைய ஆட்டை எடுத்துத் தர்மம் பண்ண அவளுக்கு உரிமை இல்லை, அதுவும் சபைக்கு வெளியே உள்ளவளுக்கு. அதற்கு ஈடாக வேறொரு குட்டி வந்தாக வேண்டும் என்றார். வராவிட்டால் வைகாசியில் ஜெபவீட்டில் நடக்கவிருந்த சோபியாவின் கல்யாணத்தைத் தான் நடத்திவைக்க முடியாது என்றும் சொன்னார். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

"இம்புட்டு நாளும் மனசாரக் குடுத்தேன் பாஸ்டர் ஐயா," என்றாள். "நீங்க வரி மாதிரி கேக்குறீங்க. வரின்னா நான் தரமாட்டேன்."

சோபியா டியூட்டி முடிந்து வந்ததும் வீட்டில் சண்டை மூண்டது. பட்டி நிறைய ஆடு இருக்கும்போது ஒரு குட்டிக்காக என் கல்யாணத்தை நிறுத்துவியா என்று கேட்டாள் மகள். ஞானமணி எழுந்து பட்டிப் பக்கம் போய்விட்டாள். இது வீம்புதானோ என்றுகூட நினைத்தாள். ஆவூரில் அவள் பிறந்த கத்தோலிக்க வீட்டில் அறுப்பு முடிந்ததும் கோயிலுக்கு நெல் கொண்டுபோவார்கள். எவ்வளவு என்று எந்தப் பங்குச் சாமியாரும் கேட்டதில்லை. இப்போது ஈடு கொடுத்தால், முதலில் செய்தது திருட்டு என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். முத்துமாரியம்மாள் பட்டியில் நிற்பது திருட்டு ஆடாகிவிடும். அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை ஃபிரெடியும் அவன் அப்பா அருள்சாமியும் பைக்கில் வந்தார்கள். அருள்சாமி தன்மையான மனிதர். பாஸ்டர் கேட்பதைத் தானே கொடுத்துவிடுவதாகவும், வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார்.

"வேண்டாம் சம்பந்தி," என்றாள் ஞானமணி. "நீங்க குடுத்தா, சபையில அவரு என்னைத் திருடின்னு சொன்னது உண்மைன்னு ஆயிரும். இந்தச் சம்பந்தம் வேணாம்னா சொல்லிருங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

உள்ளே இருந்த சோபியா வாசலுக்கு வந்தாள். அந்த ஞாயிறு அவள் ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிரசங்கத்தைக் கேட்டிருக்கவில்லை. அம்மாவும் அந்த வார்த்தையை அவளிடம் சொல்லவில்லை.

"திருடின்னா சொன்னாரு?"

ஞானமணி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சோபியா ஃபிரெடியைப் பார்த்தாள். "எங்கம்மாவத் திருடின்னு சொன்ன எடத்துல எனக்குக் கல்யாணம் வேணாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சுக்குவோம். ஒங்களுக்குச் சம்மதமா?"

ஃபிரெடி அப்பாவைப் பார்த்தான். அருள்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாசம் காத்திருக்க வேண்டுமாம், நாளைக்கே போய்க் கொடுங்கள் என்றார்.

கல்யாணம் அப்படியே நடந்தது. விருந்துக்குப் போகக் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருந்தும் சபையில் பாதிப் பேர் வந்தார்கள். வராதவர்கள் மேல் ஞானமணிக்குக் கோபமில்லை. முத்துமாரியம்மாள்தான் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள்.

அடுத்த ஞாயிறு ஞானமணி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஜெபவீட்டுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஆராதனையில் எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கும் திருவிருந்து அப்பத்தட்டு அவளை விட்டுவிட்டுத் தாண்டிப் போனது. அவள் அசையவில்லை. பாஸ்டர் அருகில் வந்து, கீழ்ப்படிய மனமில்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் எம் பிதாவோட வீட்டுக்கு வந்திருக்கேன் ஐயா. ஒங்க வீட்டுக்கு வரல."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. கடைசி வரிசைவரை கேட்டது. பாஸ்டர் மேடைக்குத் திரும்பினார். காணிக்கைப் பையோடு வந்த சபை மூப்பர் அவள் முன்னால் தயங்கி நின்றார். ஞானமணி பையைத் தன் பக்கம் இழுத்தாள். மூடிய கையை உள்ளே விட்டு, தன் மனசுக்குப் பட்டதைப் போட்டுவிட்டு, பாட்டுக்கு எழுந்து நின்றாள்.