உட்கார்ந்தால் போதும்

மருந்துக் கடையில் ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு அவள் நேராக ஓவியக் கண்காட்சிக்கு வந்திருந்தாள். வீட்டுக்குப் போனால் மறுபடி கிளம்ப மனம் வராது. படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது அவளுடைய தங்கை. "நீ வரலைன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று மூன்று நாளாகப் போனில் நச்சரித்திருந்தாள். இப்போது அக்காவைக் கவனிக்கத்தான் அவளுக்கு நேரமில்லை. ஏதோ ஒரு படம் கோணலாகத் தொங்குகிறதென்று சுத்தியலோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

சுவர் முழுக்க முகங்கள். நாலைப் பார்ப்பதற்குள் குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. கூடத்தில் உட்கார எதுவும் இல்லை. பின்பக்கம் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு கிடந்தது. அறுபது வயதுக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையில் வண்ணக் கறை.

"உக்காருங்க. யாராவது என்னைத் தேடினா பாக்கலைன்னு சொல்லிடுங்க."

"நீங்கதான் வரைஞ்சவரா?"

"ஆமா. வரையறது பரவாயில்லைங்க. வர்றவங்களைப் பாத்து சிரிச்சுக்கிட்டே நிக்கறதுதான் உயிர் போகுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் செருப்பைக் கழற்றினாள். பிறகு அவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"மருந்துக் கடையிலே கண்ணாடிக்குப் பின்னாலே நிப்பீங்கல்ல?"

இங்கேயுமா என்றிருந்தது அவளுக்கு. "எந்த மாத்திரைங்க?"

"மாத்திரை இல்லை. போன வருஷம் என் சீட்டைப் பாத்துட்டு, ரெண்டு மருந்தும் ஒண்ணுக்கொண்ணு சேராதுன்னு டாக்டருக்குப் போன் பண்ணீங்க. முக்கால் மணி நேரம் காக்க வெச்சீங்கன்னு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். அப்புறம் டாக்டரே சொன்னார், ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டிருந்தா ஆளே போயிருப்பேன்னு."

அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. "தினம் நாலு பேர் கத்தறாங்க. எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

"மன்னிப்புக் கேக்க ரெண்டு தடவை வந்தேன். வரிசையைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்." அவர் செருப்பைக் காலால் துழாவினார். "உங்களை வரையணும்னு ஆசை. ஞாயித்துக்கிழமை வருவீங்களா?"

"நிக்கணுமா?"

"உக்காந்தா போதும். ரெண்டு மணி நேரம். பேசக்கூட வேண்டாம்."

அவள் யோசிக்கவே இல்லை. "வரேன்."

விஷயம் தெரிந்ததும் மாமியார், "வரையறதுக்கு இவ மூஞ்சிதான் கெடைச்சுதா?" என்றாள். கணவன், "அப்போ மத்தியானச் சாப்பாடு?" என்றான்.

"அரிசி இருக்கு, அடுப்பு இருக்கு, உங்களுக்குக் கையும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

முதல் ஞாயிறு, அவர் வீட்டில் வரையும் அறையில், நாற்காலியில் சாய்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிப்போனாள். வாயோரம் எச்சில் வழிய விழித்தபோது அவர் பழைய தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பலகையில் ஒரு கோடுகூட இல்லை.

"ஏங்க எழுப்பலை?"

"மனசு வரலை."

அடுத்த வாரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கக் கொஞ்சம் முடிந்தது. நாலாவது வாரம் படத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கண்ணுக்கடியில் கருமை. ஒரு தோள் இறங்கியிருந்தது.

"இவ்வளவு அலுத்துப் போயா இருக்கேன்?"

"வேணும்னா கொஞ்சம் கொறைச்சுடறேன்."

அவள் வெகுநேரம் பார்த்தாள். 'களைப்பா இருக்கு' என்று அவள் வீட்டில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இந்த மனிதர் ஒரு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வேண்டாம். இருக்கட்டும்."

பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவள் நின்றாள். "அப்போ அடுத்த வாரம் வேலை இல்லைல்ல?"

அவர் படத்தைப் பார்த்தார். மடியில் கோத்திருந்த கைகள், நகம் உட்பட, முடிந்திருந்தன.

"கை இன்னும் சரியா வரலை" என்றார். "வாங்க."